வெட்டாக்கிணற்றுத் தண்ணீர்

கயிறு நனைந்திருந்தது.

சீவரத்தினத்தின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பட்ட கணமே அது அவருக்குப் பிடிக்கவில்லை. பங்குனி வெயில் உச்சிக்கு வந்து நின்று கொளுத்திக்கொண்டிருந்தது, முற்றத்துச் செம்மண் செருப்பையும் மீறிக் காலைச் சுட்டது, வேலிக் கிடுகுகள் காய்ந்து முறுகும் சத்தம்கூடக் காதில் விழுந்தது. அப்படியொரு வெயிலில், விடியற்காலைக்குப் பிறகு ஒருவருமே அள்ளவில்லை என்று வீட்டுக்காரி அருமைநாயகி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன கிணற்றில், கப்பியிலிருந்து தொங்கிய கயிறு சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கட்டில் வாளி நிரம்பி நின்றது. உள்ளே தண்ணீர் இன்னும் ஆடி ஓயவில்லை.

அவர் குனிந்து தண்ணீரை மணந்து பார்த்தார். அது அவருடைய தொழில். பாசி மணக்கும், சேறு மணக்கும், கக்கூசுக் குழி கிட்ட இருந்தால் அதுவும் மணக்கும், இது வேறு. நனைந்த கரி மணம், மழை பெய்து அணைந்த அடுப்பின் மணம், அதற்கடியில் இருக்கிறதா இல்லையா என்ற மட்டில் கொஞ்சம் சந்தனம். அயல் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் அள்ளி வைத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாளியைக் கவிழ்த்தார். அந்தக் காய்ந்த மண் அதைக் குடிக்க வெகுநேரம் எடுத்தது.

சீவரத்தினம் அந்தப் பகுதிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். முகத்துக்கு முன்னால் பி.எச்.ஐ. ஐயா, முதுகுக்குப் பின்னால் கக்கூசு ஐயா. அதுபற்றி அவருக்குக் கவலையில்லை. கல்லடிப்புலத்தில் ஏழெட்டு வீடுகளில் நெருப்புக் காய்ச்சல் விழுந்திருந்தது, ஆஸ்பத்திரியில் மருந்துக்குத் தட்டுப்பாடு, கிணற்றுக்குப் போடக் குளோரின் தூள் ஆனையிறவைத் தாண்டி வந்து எத்தனையோ மாதமாகிறது. கையில் இருந்தது அரை வாளித் தூளும் ஒரு சைக்கிளும்தான். நெருப்புக் காய்ச்சலில் பேய்க்கும் பிசாசுக்கும் வேலையில்லை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருவன் கழித்தது தண்ணீரில் கலந்து இன்னொருவன் வாய்க்குள் போகிறது, அவ்வளவே கதை; எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைத்துவிட்டால் காய்ச்சல் நின்றுவிடும்.

உள்ளே அருமைநாயகியின் புருசன் நடராசா பாயில் கிடந்தார். கமக்காரன் உடம்பு, காய்ச்சல் அதை எலும்புவரை சுரண்டி எடுத்திருந்தது. அடைத்த அறையில் வியர்வையும் வேப்பிலையும் புளித்து மணத்தன. சீவரத்தினம் விளக்கம் கேட்கத் தொடங்கியவர் நடுவில் நிறுத்திக்கொண்டார். நடராசாவின் உதடும் தாடியும் ஈரமாயிருந்தன. கழுத்துக் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. யார் தண்ணீர் கொடுத்தது என்று அவர் அருமைநாயகியைப் பார்க்க, அவள் அவரைப் பார்த்தாள்.

"அம்மா தந்தவ," என்றார் நடராசா கண்ணைத் திறக்காமலே. "நல்ல குளிர்ந்த தண்ணி."

"மாமி செத்து நாலு மாசமாகுது ஐயா. காய்ச்சல் வேகத்திலை பிசத்துறார்," என்றாள் அருமைநாயகி. சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பால் அவருடைய கழுத்தைத் துடைத்தாள். துடைத்த தலைப்பை ஏனோ மூக்கருகே கொண்டுபோய்விட்டுச் சட்டென்று கீழே விட்டாள்.

அன்று பின்னேரம் மற்ற வீடுகளுக்கும் போனார். கேட்கக் கூடாத கேள்வி ஒன்று நாக்கு நுனியில் நின்றது, கேட்டுவிட்டார். காய்ச்சல் விழுந்த ஒவ்வொரு வீட்டிலும் இந்த மாரிக்குள் ஒரு சாவு நடந்திருந்தது. ஷெல்லில் ஒன்று, நெஞ்சுவலியில் ஒன்று, காய்ச்சலிலேயே இரண்டு மூன்று, முதுமையில் மிச்சம். நடுநடுவே சாவு விழாத வீடுகள் அதே நிலத்தடி நீரைக் குடித்துக்கொண்டு கல்லுப்போல இருந்தன. தண்ணீரில் வரும் நோய் இப்படி ஆளைப் பார்த்து வாசல் ஏறுவதில்லை. சைக்கிளை உழக்கிக்கொண்டு வரும்போது முதுகு குளிர்ந்தது. வியர்வை காய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய வீட்டிலும் ஒரு சாவு விழுந்திருந்தது. தாய் நல்லம்மா மார்கழியில் போய்ச் சேர்ந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு தெல்லிப்பழையை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் அவர்கள். கல்லடிப்புலத்தில் பாதி ஊர் அப்படி வந்த சனம். வீடு போனது, தோட்டம் போனது, எல்லாவற்றையும் ஒருவாறு தாங்கிக்கொண்ட சனத்துக்குத் தாங்க முடியாமற் போனது கீரிமலை போனதுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்காவிட்டால் செத்தது எங்கே போகும்? கீரிமலை இப்போது இராணுவத்தின் கையில். அப்போதுதான் ஊர்ப் பெரியவர் தம்பிஐயா வெட்டாக்கிணற்றை ஞாபகப்படுத்தினார். அவர் பழைய ஓவசியர். சாவீடு, சுடலை, சங்கக்கடை என்று ஊர்க் காரியம் எல்லாம் அவர் தலையில். வெட்டாக்கிணறு ஊர் எல்லையில், பனை வடலிக்கு நடுவில், பாறை தானாக வாய் பிளந்து கிடக்கும் ஒரு பள்ளம். ஒருவரும் வெட்டவில்லை, அடியை ஒருவரும் கண்டதுமில்லை. அதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது பரம்பரைக் கதை. போக முடியாத இடத்துக்குத் தண்ணீர் போகுமே என்றார் தம்பிஐயா. அன்றிலிருந்து ஊர்ச் சாம்பல் முழுவதும் அதற்குள்தான் போனது.

சீவரத்தினமும் தாயின் சாம்பல் முட்டியை அதற்குள்தான் விட்டார். சாம்பலில் கிருமி இல்லை. நெருப்பைப் போலச் சுத்தம் செய்வது வேறொன்றுமில்லை. அதனால் பரிசோதகராகவும் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. உடலை எரித்த அடுத்தநாள் ஷெல்லடி விழுந்து காடாத்துக்கு அவரால் போக முடியாமற் போனது, தம்பிஐயாதான் ஆட்களோடு போய்ச் சாம்பல் அள்ளி வந்து கொடுத்தார். முட்டி இலேசாக இருந்தது ஞாபகம். வயது போன மனிசி, என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தார்.

வீட்டில் பெண்சாதி நாகேஸ்வரி படுத்திருந்தாள். கலியாணமாகிப் பதினொரு வருசத்துக்குப் பிறகு வயிற்றில் தங்கிய பிள்ளை, இது ஏழாம் மாதம். நாலைந்து நாளாகத் தலையிடி என்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதெல்லாம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. வெயிற்சூடு. அவருடைய வீட்டில் சுட்டாறின தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் படாது. அந்த நினைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நித்திரை கொண்டார்.

மறுநாள் பெட்டி இழைக்கிற வீடொன்றில் பனையோலைக்குப் போடும் சிவப்புச் சாயம் இரண்டு கடதாசிச் சரை வாங்கினார். பொருளாதாரத் தடைக்கு முன்னர் வாங்கிப் பொத்திவைத்த சாயம். விரலில் பட்டால் கிழமைக்கும் போகாது. வெட்டாக்கிணற்றில் அதைக் கரைத்துவிட்டால் எந்தெந்தக் கிணற்றில் நிறம் காண்கிறதோ அந்தக் கிணறுகளுக்கு அங்கேயிருந்து வழி இருக்கிறது. வழி தெரிந்தால் நோய் தெரிந்தமாதிரி. படித்த வித்தை, அவருக்கு அதில் பெருமையும் இருந்தது.

வடலிக்குள் காற்றில்லை. ஓலைகள் அசையவில்லை. வெட்டாக்கிணற்றின் வாயில் மட்டும் காற்று இருந்தது. உள்ளேயிருந்து மெல்ல வந்து முழங்காலில் பட்டது, நின்றது, பிறகு உள்ளே போனது. பாறைக்குள் காற்று அப்படித்தான் ஓடும் என்று அவருக்குத் தெரியும். மணம் ஏறியது. நனைந்த கரி. சாயத்தைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினார். பாறையில் சிவப்பாய் வழிந்து இருட்டுக்குள் போனது. விழுந்த சத்தம் வரும் என்று காத்து நின்றார். தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம் வரவில்லை. தொண்டை விழுங்குகிற சத்தம் வந்தது. அவ்வளவுதான், காற்றும் நின்றுவிட்டது.

அவர் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை உருட்டினார். ஏறி உழக்க வேண்டுமென்று வடலி முடிகிற மட்டும் தோன்றவேயில்லை.

அடுத்தநாள் விடியற்புறம் நடராசா செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போன சீவரத்தினம், ஒப்பாரிக்கு நடுவே வளவைச் சுற்றிக் கிணற்றடிக்கு வந்தார். தண்ணீர் சிவந்திருந்தது. காய்ச்சல் விழுந்த மற்றக் கிணறுகளையும் ஓடியோடிப் பார்த்தார், அத்தனையும் சிவப்பு. நடுவில் இருந்த கிணறுகள் பளிங்கு. தன்னுடைய கிணற்றைக் கடைசியாகத்தான் எட்டிப் பார்த்தார். பளிங்குபோல, அடியில் கிடந்த ஓட்டுத் துண்டு தெரிகிற அளவுக்குத் தெளிவாயிருந்தது. முருகா என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிச் சிரிக்கவும் செய்தார். பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். வழி பிடிபட்டது, இனி அடைக்க வேண்டியதுதான்.

நடராசா வீட்டுக் கிணற்றுக்கட்டை இரண்டாந்தரம் பார்த்தபோதுதான் அந்தச் சந்தோசம் போனது. சீமெந்துக் கட்டின் மேல் சிவப்பாய் ஒரு கைத்தடம். சாயத் தண்ணீர் அள்ளிய கை வைத்த தடம், வேறென்ன. ஆனால் வெளியே நின்று அள்ளுகிறவர் கட்டில் கை ஊன்றினால் விரல் கிணற்றுப் பக்கம் பார்க்கும். இந்த விரல்கள் முற்றத்தைப் பார்த்தன. உள்ளங்கை விளிம்பைத் தாண்டி உட்சுவரில் இழுபட்டு இறங்கியிருந்தது. கட்டைச் சுற்றி இன்னொன்று. இன்னொன்று. ஒன்றில் மூன்று விரல்தான் இருந்தது. ஒன்றில் விரலே இல்லை, உள்ளங்கை மட்டும்.

தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்தார்.

பின்னேரம் சுடலைக்குப் போனார். நடராசாவைக் கட்டையில் ஏற்றி, கொள்ளி வைத்து, ஆட்கள் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. நெருப்பு இப்போதுதான் நெஞ்சாங்கட்டையைப் பிடித்துக் கொழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பிஐயாவும் இரண்டு பேரும் குடங்களோடு வந்தார்கள். குடங்களை நெருப்பில் கவிழ்த்தார்கள். சீறிக்கொண்டு வெள்ளைப் புகை எழுந்து சீவரத்தினத்தின் முகத்தில் அடித்தது.

நனைந்த கரி. சந்தனக்கட்டை. வாளியில் மணந்த அதே மணம். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. இப்போதுதான் அது என்ன என்று தெரிந்தது.

என்ன செய்கிறீர்கள் என்று அவர் கத்தியது சரியாக வெளியே வரவில்லை. தம்பிஐயா வெறும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதலாகத்தான் பேசினார்.

"தம்பி, பொழுதுபட்டாப் பிறகு நெருப்புத் தெரிஞ்சா ஹெலி வரும். போன ஐப்பசியிலை சுடலையிலை வைச்சுச் சுட்டவங்கள், ரெண்டு உசிர் போச்சு. செத்ததுக்காக உசிரோடை இருக்கிறதைக் குடுக்கேலுமே? பொழுதுபட முந்தி நூர்த்துப்போட்டு விடியச் சாம்பலை அள்ளுவம். மிச்சத்தை உரப்பையிலை கட்டி வெட்டாக்கிணத்துக்கை இறக்குவம்."

"மிச்சம் எண்டா?"

"வேகாதது."

காய்ச்சலில் செத்தவர்களையுமா என்று கேட்டார். எல்லோரையும்தான், அவையவை கிடந்த பாய், துணியோடு சேர்த்து. சீவரத்தினத்துக்கு அந்த இடத்தில் நோயின் கணக்கு முழுவதும் சரியாகப் பொருந்தியது. பொருந்தியதில் ஒரு துளி நிம்மதியும் இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். கேட்டார்.

"அம்மாவை?"

தம்பிஐயா குனிந்து வெறும் குடத்தை எடுத்தார். "அண்டைக்கு மழைத் தூறலும் எல்லோ. இடுப்புக்கு மேலை நெருப்புப் பிடிக்கேல்லைத் தம்பி. என்ரை தாயைப்போலத்தான் பக்குவமாக் கட்டி இறக்கினனான்."

சீவரத்தினம் அவரை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை தானாகவே இறங்கிவிட்டது. நாளைக்கே அந்தப் பள்ளத்தை மூடப்போவதாகச் சொன்னார், அரசாங்கக் கட்டளை என்றார், எந்த அரசாங்கம் என்று அவருக்கே தெரியவில்லை. தம்பிஐயா கோபிக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்த வடலியைப் பார்த்தபடி கேட்டார்.

"வழியை அடைச்சா அவையள் எங்கை போறது?"

விடிந்ததும் அவர் இரண்டு காரியம் பார்த்தார். திருநெல்வேலிக்குப் போய் மண்ணெண்ணெயில் ஓடுகிற வாடகைக் கார் ஒன்று பேசினார். நாகேஸ்வரியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். காலையிலிருந்து குண்டு போடும் பொம்பர் சுற்றிக்கொண்டிருந்ததால் வெயில் தாழ்ந்த பிறகுதான் வருவேன் என்றான் சாரதி. பிறகு தான் வேலை பார்க்கும் கந்தோரில் இருந்த குளோரின் தூள் அரை வாளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாகேஸ்வரி பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கன்னம் காய்ச்சலில் மினுங்கியது. அவரைக் கண்டதும் சிரித்தாள்.

வாய் சிவந்திருந்தது. நாடி சிவந்திருந்தது. நெஞ்சுச் சட்டை நனைந்து, பெரிய வயிற்றின் மேல் சிவப்பாய் ஊறியிருந்தது. இரத்தமென்று நினைத்து ஓடிப்போய் முகத்தைப் பிடித்தார். இரத்தமில்லை. துடைத்தார். போகவில்லை.

"நீர் என்ன குடிச்சனீர்? நாகேஸ், என்ன குடிச்சனீர்?"

"சுட்டாறின தண்ணி ஒரே கைப்பு. தொண்டை வறண்டு விடாய் தாங்கேலாமக் கிடந்தன். மாமிதான் அள்ளித் தந்தவ."

பாவம் அவள், ஒரு அதிசயத்தைச் சொல்வது போலக்கூடச் சொல்லவில்லை. மாமி இருந்த காலத்தில் மருமகளை ஒரு வாளி தூக்கவிட மாட்டாள். எந்தக் கிணற்றடியானாலும் தண்ணீர் அள்ளுவது மாமிதான். நாகேஸ்வரிக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை.

அவர் கிணற்றடிக்கு ஓடினார். நேற்றுப் பளிங்குபோல இருந்த தண்ணீர் இன்றைக்குச் சிவப்பு. கிணற்றுக்கட்டில் கைத்தடம் இருந்தது. அவர் பார்க்கவில்லை; பார்க்காமலே கயிற்றை அறுத்தார், வாளியோடு சேர்த்துக் குசினிக்குள் எறிந்து பூட்டினார். கிணற்று வாயில் பழைய கதவொன்றைத் தூக்கிப் போட்டார். நாகேஸ்வரியைக் கட்டிலில் கிடத்தி, பக்கத்தில் சுட்டாறின தண்ணீரை வைத்து, அவர் வரும்வரைக்கும் எழும்பக் கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் ஓம் என்றாள். அறைக் கதவை வெளியே பூட்டினார். தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டும். கார் வரும்வரைக்கும் அந்த வழியால் ஒன்றும் வரக் கூடாது. வேறெதுவும் அவர் தலைக்குள் இருக்கவில்லை.

வெட்டாக்கிணற்றடியில் குண்டு விழுந்து சரிந்த கொட்டில் ஒன்றின் தகரங்கள் கிடந்தன. தூள் முழுவதையும் பள்ளத்துக்குள் கொட்டினார். வெள்ளைப் புகைபோல எழுந்து கண்ணைக் கரித்தது. உள்ளே காற்று வந்தது, போனது. வந்தது. தகரத்தை இழுத்தார். கை வெட்டுப்பட்டது. கல்லைத் தூக்கினார். பனங்குற்றியை உருட்டினார். தூரத்தில் வடலி விளிம்பில் தம்பிஐயாவும் இன்னும் சிலரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுக்க ஒருவரும் வரவில்லை, உதவவும் வரவில்லை. கடைசித் தகரம் பொருந்தியதும் காற்று நின்றது.

தகரத்தின் மேல் கை ஊன்றி மூச்சு வாங்கினார். அந்த வெயிலில் அது சுட்டிருக்க வேண்டும். குளிர்ந்தது. கைக்குக் கீழே, மறுபக்கத்தில், எதுவோ வந்து அமர்ந்தது. தட்டவில்லை. தள்ளவில்லை. அவருடைய உள்ளங்கை இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சநேரம் இருந்தது. பிறகு விலகியது. நிலத்துக்குள் ஒரு நடமாட்டம் கேட்டது. நிறையப் பேர். ஊர்ப்பக்கமாக.

நிமிர்ந்து பார்த்தார். வடலி விளிம்பில் ஒருவரும் இல்லை.

சைக்கிளை எடுத்தார். உழக்கினார். செயின் கழன்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். உச்சி வெயில். நிழல் காலுக்குள் ஒளிந்த நேரம். ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை, நாய் இல்லை. முதல் வளவைக் கடக்கும்போது கேட்டது. கப்பி. கிரீச்சென்று ஒரு கப்பி. அடுத்த வளவில் இன்னொன்று. காய்ச்சல் இல்லாத வீடு அது. சாவு விழாத வீடு. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. இடது பக்கம். வலது பக்கம். ஊர் முழுக்க, எல்லா வளவிலும், எல்லாக் கிணற்றிலும், உச்சி வெயிலில், யாரோ தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய வளவில் சத்தமில்லை.

கயிறு இல்லையே. வாளி இல்லையே. முருகா. கதவு பூட்டியிருந்தது. பூட்டுப் பூட்டினபடியே இருந்தது. திறந்தார். கட்டில் வெறுமையாக இருந்தது. சுட்டாறின தண்ணீர் வைத்தபடியே இருந்தது. பின்பக்க யன்னலின் மரச்சட்டம் கழன்று கிடந்தது. ஏழு மாத வயிற்றோடு அவள் அதால் எப்படி இறங்கினாள்? யார் பிடித்து இறக்கினார்கள்?

கிணற்றடிக்குப் போனார். ஓட முடியவில்லை. நடந்தார்.

கிணற்று வாயில் போட்ட கதவு ஒருபக்கம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது, கவனமாக, விழாதபடிக்கு. உடுப்புத் தோய்க்கிற கல்லில் நாகேஸ்வரி இருந்தாள். தலைமுடி நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு கைகள் கட்டின்மேல் வந்திருந்தன. முழங்கைகள் சீமெந்தில் ஊன்றியிருந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்த தோல். வேகாத தோல். நகக் கண்ணெல்லாம் சாயம். இரண்டு உள்ளங்கையும் ஒன்றாய்க் குவிந்து, ஒரு துளி சிந்தாமல், அவள் வாய்க்கு நேரே பிடித்திருந்தன. வலது கைப் பெருவிரலில் தோட்டத்து மண்வெட்டி பட்ட தழும்பு. ஐந்து வயதில் அவர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்ளுவார். முகம் தெரியவில்லை. அது கட்டுக்குக் கீழே, நிழலுக்குள் இருந்தது.

"அம்மா," என்றார். "அம்மா, விடு. அவளை விடணை."

கைகள் அசையவில்லை. நாகேஸ்வரி கடைசி மிடறையும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, சிவந்த வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சல் தெரியவில்லை. கண் தெளிந்திருந்தது. இத்தனை நாளைக்குப் பிறகு விடாய் தீர்ந்தவளின் முகம். கிணற்றுப் பக்கம் குனிந்து, வீட்டுக்கு வந்த ஆளை உபசரிக்கச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இவருக்கும் கொஞ்சம் விடுங்கோ மாமி. வெயிலுக்கை நிண்டுபோட்டு வந்தவர்."

இரண்டு கைகளும் கீழே இறங்கின. தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. நிரம்பிக் குவிந்து மறுபடி மேலே வந்தன, கட்டைத் தாண்டின, இன்னும் நீண்டன, சிவப்பாய்ச் சொட்டிக்கொண்டு அவருடைய முகத்துக்கு நேரே வந்து நின்றன. அவருக்கு அப்போதுதான் தொண்டை வறண்டு கிடப்பது தெரிந்தது.